காலையில் மூட்டு பிடிக்கும் நேரம்

அந்தத் தையல் கூடத்தில் யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் வெட்டுவார், ஒருவர் காலர் வைப்பார், ஒருவர் பை வைப்பார், ஒருவர் பித்தான் துளை போடுவார். வெட்டி வந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்து, கையை ஏற்றி, அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தைத்து முடிப்பது தனி வேலை. அதற்கு அங்கே மூட்டு என்று பெயர். தோளை மூட்டாமல் காலர் வைக்க முடியாது, பக்கத்தை மூட்டாமல் ஓரம் மடிக்க முடியாது. அதனால் மூட்டு எப்போதும் காலை வேலை. மதியத்துக்கு மேல் மூட்டுக்காரருக்குத் தையல் இராது. மற்றவர்கள் முடித்த சட்டைகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார்.

ஜன்னலை ஒட்டிய மூன்றாவது மிஷின் மூட்டு மிஷின். அதில் நெடுங்காலம் உட்கார்ந்தவரைக் கூடத்தில் எல்லாரும் மூட்டக்கா என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்த கட்டிங் மாஸ்டரும் அப்படித்தான் கூப்பிட்டார். நல்ல உயரம், மெல்லிய உடல், பேசும்போது எதிராளியின் சட்டைத் தையலைப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தால் சிலர் அவரைக் கர்வி என்று நினைத்ததுண்டு.

அவருக்குக் கைவிரல்களில் வியாதி வந்தது. முதலில் வலக்கை ஆள்காட்டி விரலின் அடிக்கணு வீங்கியது. பிறகு இரண்டு கைகளிலும் வரிசையாக வீங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. தண்ணீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்குவார். வெயில் ஏற ஏறத்தான் கை கைபோல ஆகும்.

அவர் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாத மனிதர்.

"உனக்குப் பேரு வச்சவன் வாயில சர்க்கரைதான் போடணும். மூட்டக்காவுக்கு மூட்டு வியாதி!"

"உங்க வாயில சுண்ணாம்புதான் போடணும்," என்றார் மூட்டக்கா.

ஆஸ்பத்திரியில் மூட்டு நோய்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைமை மருத்துவர் ஓர் அம்மாள். எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். நான் அந்தப் பிரிவில் பதிவுகள் பார்த்துவந்தவன் என்பதால் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் செய்திகள் எனக்கு நேராகத் தெரியும். மற்றவை மூட்டக்காவும் அவர் கணவரும் பின்னாளில் சொன்னவை. இருவர் சொல்வதும் பொருந்தாத இடங்களில் இரண்டையுமே எழுதியிருக்கிறேன்.

பெரிய டாக்டர் முதலில், வாரம் ஒருமுறை சாப்பிடும் ஒரு மாத்திரையைக் கொடுத்தார். பலருக்கு நன்றாகவே கேட்கிற பழைய மருந்து அது. மூட்டக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்ட அன்றும் மறுநாளும் வயிற்றைப் புரட்டும்; வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். விரல் வீக்கமும் பெரிதாக அசையவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஈரலிலும் கோளாறு தெரிந்ததால் அதை நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் கூடத்தின் சூப்பர்வைசர் மூட்டு மிஷினில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார். மூட்டக்கா நாள் முழுவதும் பிசிறு மேஜையில் இருந்தார். கத்தரிக்கோலைக்கூட விரலில் மாட்டாமல் முழுக்கையால் பிடித்துத்தான் வெட்டினார்.

"கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா," என்றார் சூப்பர்வைசர். "கை சரியாச்சுன்னா சீட்டு உங்களுதுதான். ஆகலைன்னா நானும் மேல பதில் சொல்லணும் இல்லையா?"

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு புதிய மாத்திரையைப் பற்றிய ஆய்வு தொடங்கியது. பெரிய டாக்டர் மூட்டக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். இந்த வியாதியில் உடம்பின் காவல்படையே வழிதவறி, எலும்புகள் சந்திக்கும் இடத்து மெல்லிய உறையை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. புதிய மாத்திரை அந்தப் படையைச் சற்று அடக்கிவைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் அடக்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

"பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் டாக்டர்.

"எனக்கு எது டாக்டர்?"

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சா, குறையாத வீக்கம்கூட என் கண்ணுக்குக் குறைஞ்ச மாதிரி தெரியும். அதனாலதான் எங்ககிட்டயும் சொல்றதில்ல. ஆய்வு முடிஞ்சப்புறம்தான் பிரிச்சுப் பார்ப்போம்."

நான்காவது மாத முடிவில் ஒரு முடிவு எடுப்பார்கள் என்றும் சொன்னார். டாக்டர் விரல்களைத் தொட்டு வீக்கம் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, நோயாளி தன் வாயால் சொல்வது ஆகிய மூன்றும் தேறவேண்டும். அதிலும் நோயாளியின் சொல் கட்டாயம். தேறாதவர்களை ஆய்விலிருந்து விடுவித்து, பழைய வார மாத்திரைக்கே அளவு குறைத்துத் திருப்பிவிடுவார்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக, நோயாளி சொன்னதை டாக்டர் அந்த நாள் வரை பார்க்கமாட்டார்.

"நீங்க வேலை செய்ய முடியுதாங்கறதுதான் எங்களுக்கு ரொம்ப முக்கியம். இடையில போன் பண்ணிக் கேட்பாங்க. ஒளிக்காம சொல்லுங்க."

இதை வீட்டில் சொன்னபோது பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"கொடுக்கிற டாக்டருக்கே தெரியாத மாத்திரையா? நான் போய் வீட்டுக்காரர்கிட்ட, டப்பாவுல இருக்கிறது பெயிண்டா தண்ணியான்னு எனக்கே தெரியாது, அடிச்சுப் பார்ப்போம்னு சொன்னா உள்ள விடுவாரா?"

"அடிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும்ல?"

"சுவத்துல தெரியும். உன் கையில?"

ஆனாலும் மூட்டக்கா அந்த வாளியின் பக்கத்தில் மறுபடி படுப்பதைவிட எதுவும் மேல் என்று ஒப்புக்கொண்டார்.

ஆய்வில் சேர்ந்த அன்று மூத்த நர்ஸ் அவர் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தூங்கி எழுந்ததும் விரல் இறுகிக் கிடக்கிறதே, அது தளர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார். ஒரு மணி நேரம் இருக்கும் என்றார் மூட்டக்கா. அது எழுதப்பட்டது.

அதன் பிறகு கேட்டது போன் பெண். ஆய்வுக்கென்று புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டவள், சுறுசுறுப்பானவள், யாரையும் அக்கா, அண்ணே, தாத்தா என்று ஒரே நிமிடத்தில் சொந்தமாக்கிக்கொள்வாள். அவளிடம் கொடுத்த தாளில் கேள்வி இப்படி இருந்தது: 'காலையில் உறக்கம் நீங்கி எழுந்த பின் மூட்டுகளில் உணரப்படும் இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது?' முதல் நாள் அதை அப்படியே படித்தாள். நான்கு பேரில் மூன்று பேர் "என்னம்மா சொல்றே?" என்றார்கள். அதனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி அவளே ஒரு கேள்வி செய்துகொண்டாள். அது நல்ல கேள்விதான். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சரியான பதில் வரும்.

முதல் போன் வந்தபோது மூட்டக்கா பிசிறு மேஜையில் இருந்தார். தேநீர் இடைவேளை.

"அக்கா, காலையில மூட்டு எவ்வளவு நேரம் பிடிக்குது?"

டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று சொன்னது ஞாபகம் வந்தது. இவ்வளவு விவரமாகக் கேட்கிறார்களே என்று மூட்டக்காவுக்கு மரியாதையாகவும் இருந்தது. அந்த வாரம்தான் சூப்பர்வைசர் அரைக் கட்டுத் துணியைக் கொடுத்து, கை வருகிறதா பாருங்கள் என்று காலையில் மிஷினில் உட்காரவிட்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் பிடிக்குதும்மா."

"சரிக்கா. வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களா? காய்ச்சல் வந்துதா?"

"ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் கை இன்னும் கொஞ்சம் மடங்கியது. கட்டு முழுக் கட்டாகியிருந்தது. "ஒன்றரை மணிக்கு மேல பிடிக்குது," என்றார் மூட்டக்கா. அதற்கடுத்த மாதம் சூப்பர்வைசர் அந்த மாற்றுப் பெண்ணைப் பித்தான் பக்கம் அனுப்பிவிட்டு, அன்றாடம் வரும் இரண்டு கட்டுத் துணியையும் மூட்டக்காவின் பக்கமே தள்ளியிருந்தார்.

"இப்பல்லாம் ரெண்டரை மணி நேரம் பிடிக்குதும்மா."

"ஐயோ! ஏறிக்கிட்டே போகுதே அக்கா."

"ஆமா. இன்னும் ஏறும்னுதான் நினைக்கிறேன்."

"எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"பழகிப்போச்சு. சும்மா உக்காந்திருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்."

"நீங்க ரொம்ப தைரியசாலிக்கா," என்றாள் போன் பெண்.

மூட்டக்கா போனை வைத்துவிட்டுப் பக்கத்துக் காலர்காரப் பெண்ணிடம், "பாவம், தையல் வேலைன்னா கல்லு உடைக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கு அந்தப் பொண்ணு," என்றார்.

நான்காவது மாத முடிவில் வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. உங்களுக்கு இந்த மாத்திரை கேக்கல. அடுத்த வாரம் வாங்க. டாக்டர் பார்த்துட்டுப் பழைய வார மாத்திரைக்கே மாத்துவாங்க போல."

"கேக்கலையா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நீங்க சொன்னதை வச்சுதான்."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"எல்லாம் எழுதியிருக்குக்கா. நேர்ல வாங்க, டாக்டர் பொறுமையா சொல்வாங்க."

மூட்டக்கா போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். விரல்கள் போனைச் சுற்றி ஒழுங்காகத்தான் மடங்கியிருந்தன. அப்படியிருக்க, கேக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? ரத்தத்தில் ஏதாவது தெரிந்திருக்குமோ? ஆனால் 'நீங்க சொன்னதை வச்சு' என்றாளே. தான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். கட்டு ஏறியதைச் சொன்னார், வேலை கூடியதைச் சொன்னார். அதில் வியாதி எங்கே வந்தது?

அன்று மாலை கணவரிடம் சொன்னார். பெயிண்டர் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டார்.

"உனக்கு எப்படி இருக்கு? அதைச் சொல்லு."

"நல்லா இருக்கு. அதாவது, நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நினைச்சுக்கிட்டிருந்தேன்னா? இருக்கா, இல்லையா?"

"அதான் தெரியல. அவங்க படிச்சவங்க. மிஷின்ல வச்சுப் பார்க்கறாங்க. எனக்கு உள்ள என்ன நடக்குதுன்னு நான் எங்க கண்டேன்?"

"அட, கை உன்னுதுதானே!"

"என்னுதுதான். ஆனா வெறும் மாத்திரையைச் சாப்பிட்டுட்டு, மருந்துன்னு நினைச்சு நானே நல்லாயிட்டதா ஏமாந்திருந்தா?"

பெயிண்டர் யோசித்தார். "ஏமாந்தாலும் கை மடங்குது இல்ல?"

"மடங்குது."

"அப்ப அந்த ஏமாத்தத்தையே தொடர்ந்து கொடுக்கச் சொல்லு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அது வேடிக்கையாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்று மூட்டக்காவுக்குப் புரியவில்லை. பெயிண்டருக்கும் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த வாரம் மூட்டக்கா தன் கையைச் சோதித்துக்கொண்டே இருந்தார். டப்பா மூடியைத் திறந்து பார்த்தார். திறந்தது. மறுபடி மூடித் திறந்தார். மூன்றாம் முறை விரல் வலித்தது. வியாதியால் வலித்ததா, மூன்று முறை திறந்ததால் வலித்ததா? நல்ல கை உள்ளவர்களுக்கும் வலிக்குமா என்று அறியக் கணவரிடம் டப்பாவை நீட்டி, திறந்து மூடித் திறக்கச் சொன்னார். அவர் திறந்து, உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு, "எனக்கு வலிக்கல," என்றார்.

தையல் கூடத்தில் செய்தி பரவியது. ஆளுக்கொன்று சொன்னார்கள். கட்டிங் மாஸ்டர், வியாதி உள்ளே பதுங்கிப் பாயும் என்றார். காலர்காரப் பெண், டாக்டர்கள் ஒருவர் தாளை இன்னொருவருடையதோடு மாற்றிவிட்டிருப்பார்கள் என்றாள். சூப்பர்வைசர் மறுநாள் காலை ஒரு துணிக்கட்டை எடுத்துப் பித்தான் பக்கம் போன பெண்ணிடம் கொடுத்தார்.

"இல்ல சார், என்னால முடியும்," என்றார் மூட்டக்கா.

"முடியும் அக்கா, யாரு இல்லைன்னா? டாக்டரே மோசம்னு சொல்றப்ப நான் உங்ககிட்ட ரெண்டு கட்டு வாங்கி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க."

அன்று மூட்டக்காவின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்தபோது விரல்கள் உண்மையாகவே இறுகியிருந்தன. பழைய நாட்களைப் போல இருந்தது என்று அவர் சொல்கிறார். அவ்வளவு இல்லை, அவள் பயந்துவிட்டாள் என்கிறார் பெயிண்டர். எது சரி என்று சொல்ல எவரும் இல்லை. அப்போது மூட்டக்கா நினைத்தது இதுதான்: அவர்கள் சொன்னது சரியாகிவிட்டது, என் கைதான் இத்தனை மாதம் பொய் சொல்லியிருக்கிறது.

குறித்த நாளில் கணவன் மனைவி இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் முதலில் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மணிக்கட்டைச் சுழற்றினார். பிறகுதான் போன் பெண் கொண்டுவந்த தாளை வாங்கினார். படித்துவிட்டு மறுபடி மூட்டக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்திலும் குழப்பம்தான் இருந்தது.

"எனக்குப் புரியலம்மா. வீக்கம் நல்லா குறைஞ்சிருக்கு. ரத்தமும் பரவாயில்ல. ஆனா நீங்க சொல்றது மட்டும் மாசா மாசம் மோசமாகிட்டே போகுது. வலி இருக்கா?"

"முன்ன மாதிரி இல்ல டாக்டர். இந்த வாரம் கொஞ்சம் இருக்கு. இல்ல, இருக்கற மாதிரி இருக்கு."

"ரெண்டரை மணி நேரம் பிடிக்குதுன்னு சொல்லியிருக்கீங்களே?"

"ஆமா டாக்டர். ஆனா இந்த வாரம் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுடுது."

"அப்ப இந்த வாரம் பரவாயில்லையா?"

"இல்ல டாக்டர், இந்த வாரம்தான் மோசம்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்றரை மணி நேரத்துல முடியறது மோசம், ரெண்டரை மணி நேரம் பிடிச்சது நல்லதா?"

"ஆமா டாக்டர். ரெண்டு கட்டு கொடுத்தாங்கன்னா ரெண்டரை மணி நேரம் பிடிக்கத்தானே செய்யும்? இப்ப ஒரு கட்டைப் பிடுங்கிட்டாங்க."

"என்ன கட்டு?"

"சட்டைக் கட்டு."

பெயிண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவ மூட்டறவ டாக்டர். சட்டை மூட்டறவ. தோளு மூட்டு, கை மூட்டு, பக்க மூட்டு. காலையில அதுதான் வேலை."

போன் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா! நான் மூட்டுன்னு கேட்டது..." என்று தன் விரல் கணுவைத் தொட்டுக் காட்டினாள்.

"அதையா கேட்டே?"

"வேற எதைக் கேப்பேன்? நான் என்ன தையல் கடையிலயா வேலை பார்க்கறேன்?"

"நான் வேலை பார்க்கறேனே! நான் வேலையில இருக்கறப்ப போன் பண்ணி மூட்டு எவ்வளவு நேரம்னு கேட்டா நான் என்னன்னு நினைப்பேன்?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போன் பெண்ணைப் பார்த்தார். "எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேட்டியா?"

"மத்தவங்க எல்லாம் சரியாத்தான் சொன்னாங்க டாக்டர். ஒரே ஒரு தாத்தா மட்டும், என் மூட்டை எனக்கு எப்படிம்மா பிடிக்கும், அதைக் கண்டாலே ஆகாதுன்னார். அவருக்கு அப்புறம் விளக்கிச் சொல்லிட்டேன்."

பெயிண்டர் இதற்கு வெளியே கேட்கும்படிச் சிரித்தார். மூட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப டாக்டர், எனக்கு மாத்திரை கேட்டிருக்கா?"

"இருங்கம்மா. இந்த மூணு பதிலையும் அடிச்சுடணும். அது சட்டைக்குச் சொன்ன பதில். அதுக்குப் பதிலா நான் எதையும் இட்டுக்கட்டி எழுத முடியாது. இப்ப நேரா கேக்கறேன், நீங்க சொல்லுங்க." அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "தூங்கி எழுந்ததும் விரல் இறுகி இருக்கும் இல்லையா, அது தளர எவ்வளவு நேரம் ஆகுது?"

இதற்காகத்தான் எல்லாரும் அங்கே இருந்தார்கள். மூட்டக்கா கணவரைப் பார்த்தார்.

"என்னைப் பார்த்தா? நான்தான் சொல்லணுமா?" என்றார் பெயிண்டர்.

"தெரியல டாக்டர்."

"உத்தேசமா?"

"உத்தேசமும் தெரியல. நல்லா இருந்தப்ப நான் கையைப் பார்க்கவே இல்ல. எழுந்தேன், வேலைக்குப் போனேன். இந்த வாரம் பார்த்துக்கிட்டே இருந்தேன், மோசமா இருந்துது. பார்த்ததால மோசமா, மோசம்னு சொன்னதால மோசமா, எனக்கே சொல்லத் தெரியல."

டாக்டர் கோபிக்கவில்லை. ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஆய்வின் விதியில் அதற்கு இடம் இருந்தது. அதுவரை இதே மாத்திரை. போன் பெண் தினம் காலையில், மூட்டக்கா வேலைக்குக் கிளம்பும் முன், வீட்டுக்குப் போன் செய்வாள். அந்த வார விடைகள் முதல் நாள் சொன்ன ஒரு மணியைவிட நன்றாகக் குறைந்திருந்தால் மாத்திரை தொடரும். இல்லையென்றால் பழைய வார மாத்திரை. இந்த முடிவு எழுதப்பட்டு டாக்டரும் மூட்டக்காவும் கையெழுத்திட்டார்கள்.

மறுநாள் காலை மூட்டக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரல்களை மடக்கி விரித்தார். பெயிண்டர் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"விட்டுதா?"

"இன்னும் இல்ல."

கொஞ்ச நேரம் போயிற்று. "இப்ப?"

"விட்ட மாதிரி இருக்கு. இல்ல, இருங்க. சுண்டுவிரல்ல இருக்கு."

"சுண்டுவிரலை விட்டுத்தள்ளு. மத்தது?"

"அதெப்படி விடறது? அதுவும் விரல்தானே. இப்ப எல்லாம் விட்டுடுச்சு. ஐயோ, திரும்பப் பிடிக்குதே."

"நீ மடக்கி மடக்கியே பிடிக்க வச்சிருப்பே. என் கையையும் இந்த மாதிரி ஆட்டினா பிடிக்கத்தான் செய்யும்."

போன் பெண் கூப்பிட்டாள். இப்போது அவள் மூட்டு என்ற சொல்லையே எடுப்பதில்லை. "அக்கா, தூங்கி எழுந்ததும் உங்க கைவிரல், சட்டை இல்ல, விரல், அது இறுக்கமா இருந்து தளர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணின்னு வச்சுக்கோ. இல்ல, முக்கால் மணி."

"எதை எழுத?"

"எது நியாயமோ அதை எழுதும்மா."

"நியாயம் எனக்கு எப்படிக்கா தெரியும்? உங்க விரல்."

முதல் இரண்டு மூன்று நாட்கள் இப்படித்தான் போயின. குறைத்துச் சொன்னால் இந்த மாத்திரையே கிடைக்கும் என்பது மூட்டக்காவுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாளியும் கண்முன் நின்றது. அதனாலேயே குறைவாக வந்த நாளில் தன்மேல் சந்தேகப்பட்டுக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். கூட்டிச் சொன்னது பொய் ஆயிற்றே என்று மறுநாள் போன் பெண்ணிடம் திருத்தினார். அவள் திருத்தியதையும் எழுதிக்கொண்டாள். பெயிண்டர், "ரெண்டு பேரும் சேர்ந்து ஏலம் விடறீங்களா?" என்றார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மூட்டக்காவுக்குக் கையைக் கவனிக்க முடியாமல் போயிற்று. குழாயில் தண்ணீர் நின்றுவிடப்போகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் போட, எழுந்தவுடன் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நிரப்பினார், இறக்கினார், அடுத்ததை வைத்தார். போன் வந்தபோது இரண்டு கையிலும் தண்ணீர்.

"எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?"

"ஐயையோ, பார்க்க மறந்துட்டேனே!"

"இப்ப எப்படி இருக்கு?"

மூட்டக்கா கையைப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் இல்ல. எப்ப விட்டுதுன்னு தெரியல. குடம் தூக்கும்போதே விட்டிருக்கணும். எழுந்து பத்து நிமிஷம் ஆகியிருக்குமா... அதுக்குள்ள இருக்கும்."

"பத்து நிமிஷம்னு எழுதவா?"

"எழுதும்மா. ஆனா நான் பார்க்கல. பார்க்கலைன்னும் சேர்த்து எழுது."

அவள் அதையும் எழுதினாள். டாக்டர் அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தது எனக்கு நினைவிருக்கிறது. வாரக் கடைசியில் எல்லா விடைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்கில்லாத விடைகள், ஒரு நாள் ஏறியும் ஒரு நாள் இறங்கியும் கிடந்தன. ஆனாலும் எது ஒன்றும் பழைய ஒரு மணியை எட்டவில்லை; பெரும்பாலானவை அரை மணிக்குக் கீழேதான்.

"மாத்திரையை மாத்தல," என்றார் பெரிய டாக்டர். "இதையே தொடருங்க. உங்களுக்குக் குணம் தெரியுதுன்னு எழுதியாச்சு."

மூட்டக்கா எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? மோசம்னு நீங்க சொன்னதும் என் கை ஒரே வாரத்துல மோசமாச்சு. சொன்னதுக்கே அப்படி ஆகும்னா, நல்லாகும்னு நீங்க முதல்ல சொன்னதுக்கே அது நல்லாயிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"அப்ப இது வெறும் மாத்திரையா?"

"அதுவும் இருக்கலாம். மருந்தாவும் இருக்கலாம். வீக்கம் இவ்வளவு குறைஞ்சதைப் பார்த்தா மருந்துன்னு எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணறதை நான் நம்பக்கூடாதுன்னுதானே இவ்வளவு ஏற்பாடும்."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாதும்மா. உங்களை மாதிரி எல்லாரும் கடைசி வரைக்கும் சாப்பிட்டு, நிஜத்தைச் சொன்னீங்கன்னா தெரிஞ்சுடும்."

மூட்டக்கா தலையாட்டினார். புரிந்ததற்கா, போய்வருகிறேன் என்பதற்கா என்று சொல்ல முடியாது. மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் அடுத்த மாதத்துக்கான பையை வாங்கிக்கொண்டார். பெயிண்டர் வாசலில், அன்றைய வேலைக்கான ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"இதே மாத்திரைதான். குணம்னு எழுதிக்கிட்டாங்க."

"அப்ப நல்ல சேதிதானே? மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்கே?"

"நல்ல சேதிதான். எதனால நல்ல சேதின்னுதான் தெரியல."

"தெரிஞ்சா கூடுதலா ரெண்டு விரல் முளைக்குமா? வா, வெயில் ஏறுது."

அவர் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். மூட்டக்கா பின்னால் போனார். மாத்திரைப் பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். எதற்கு மாற்றினோம் என்று தெரியாமல் மறுபடி வலக்கைக்கே மாற்றிக்கொண்டார்.